சிரித்த முகத்துக்குப் பின்னால்: ஓநாய்ப் பிள்ளைகளின் தாயும் வன்னித் தாய் ஒருவரும்

"தாய் உறுதியானவர். எப்போதும் சிரித்த முகம். பிள்ளைகளை நன்றாகப் பார்க்கிறார். உடனடி உதவி தேவையில்லை."

இது என் கையெழுத்து. ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில், ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி எழுதியது. அன்று அந்த அக்கா தந்த தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. வீட்டில் இருந்த சீனி முழுவதையும் எனக்காகப் போட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் வன்னியில் உளசமூகப் பணி செய்பவள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்திருப்போம். அந்த நான்கு வசனத்தால் இந்தக் குடும்பம் உதவிப் பட்டியலில் கீழே போனது. வீடு திருத்தும் உதவி வந்தபோது பக்கத்து வளவுக்குக் கிடைத்தது, இவர்களுக்கு இல்லை. இது எனக்குத் தெரியவந்தது, தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டிய மாலையில்தான்.

இந்த ஆய்வை அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டிருக்கிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் திருத்தினார்.

பின்னணி

2009 சித்திரையில், போரின் கடைசி நாட்களில், மாத்தளனில் மா வாங்கப் போன அக்காவின் கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு மூன்று மாதம். பிறகு செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம். 2011 இல் தகரமும் தறப்பாளும் மண்வெட்டியும் கொண்டு சொந்தக் காணிக்குத் திரும்பினார். முதல் வருடம் கச்சான் போட்டார், பிறகு உளுந்து, பிறகு மரவள்ளி. அடுப்படியை ஒட்டிக் கோழிக்கூடு. மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். மகன் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, மாமனின் மாட்டுப்பட்டியோடு காட்டுக்குள் திரிகிறான். இரவிலும் பட்டியிலேயே படுத்துவிடுவான். காட்டில் எந்த மரம் எப்போது பழுக்கும், எந்த மோட்டையில் தண்ணீர் நிற்கும் என்று அவனைத்தான் பெரியவர்களும் கேட்கிறார்கள்.

அக்கா இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

படம்

மமோரு ஹொசோதா என்ற இயக்குநர் எடுத்த 'ஓநாய்ப் பிள்ளைகள்' என்ற படம். ஜப்பானில் திரைக்கு வந்தது 2012 ஜூலையில். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது அதே ஆண்டு செப்டெம்பரில். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லைத்தான். ஆனாலும், உலகத்தின் வேறொரு மூலையில் ஒருவர், துணையை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இடிந்த வீட்டுக்குப் போகும் ஒரு தாயை வரைந்து முடித்த அதே வருடம் இங்கே எத்தனை தாய்மார் அதையே செய்துகொண்டிருந்தார்கள் என்பதை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

கதை இதுதான். தோக்கியோவில் படிக்கும் ஹனா, வகுப்பில் புத்தகம்கூட இல்லாமல் பின்வரிசையில் இருந்து பாடம் கேட்கும் ஒருவனை விரும்புகிறாள். அவன் அந்தப் பல்கலைக்கழக மாணவனே இல்லை, வீட்டுச் சாமான்கள் ஏற்றி இறக்கும் வேலை செய்பவன். அவன் பாதி மனிதன், பாதி ஓநாய். ஜப்பானின் காட்டு ஓநாய் 1905 இல் நாரா மாகாணத்தில் கடைசியாகப் பிடிபட்டதோடு அற்றுப்போனது. அந்த இனத்தின் கடைசி வாரிசாகப் படம் இவனை வைத்திருக்கிறது. படம் முழுக்க அவனுக்குப் பெயர் இல்லை. ஒரு பெண், ஓர் ஆண், இரண்டு பிள்ளைகள். இரண்டுமே கோபம் வந்தால் ஓநாய்க்குட்டியாக மாறிவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு அவன் இறந்துபோகிறான். ஹனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டில் ஓர் இடிந்த வீட்டுக்குப் போகிறாள். இயக்குநர் பிறந்து வளர்ந்த தொயாமா மாகாணத்துக் காமிச்சிப் பக்கத்து மலைகளைத்தான் வரைந்திருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருடக் கதை. மகள் மனிதர்களோடும் பள்ளிக்கூடத்தோடும் போகிறாள், மகன் காட்டுக்குப் போகிறான். தாய் வீட்டில் தனியே.

மாயம் என்று பார்த்தால் பிள்ளைகள் உரு மாறுவது மட்டும்தான். தாயிடம் எந்த மந்திரசக்தியும் இல்லை. அவள் வாசிக்கிறாள், கிண்டுகிறாள், கழுவுகிறாள், கூரையில் ஏறி ஓடு மாற்றுகிறாள். படம் அவளை ஒரு தரம்கூட வீராங்கனை என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தேன்.

அன்று மாலை

முன்பள்ளிக் கட்டடம். அ, ஆ படம் ஒட்டிய சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணி அடித்துக் கட்டினோம். புரொஜெக்டர் இரவல், ஸ்பீக்கர் சனசமூக நிலையத்தினுடையது. பதினான்கு தாய்மார் வந்தார்கள், பிள்ளைகளை எண்ணவில்லை. ஆரோ ஒரு பானை நிறையக் கச்சான் அவித்துக் கொண்டுவந்திருந்தா.

படம் ஜப்பானிய மொழியில். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசிக்க அங்கே ஆளில்லை. ஆகவே திரைக்குப் பக்கத்தில் நின்று நானே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஹனா என்றால் பூ, மகள் யுக்கி என்றால் பனி, மகன் அமே என்றால் மழை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். "பூ எண்டால் பூமணி எண்டே வையுங்கோ மிஸ்" என்றார் ஒரு அம்மம்மா. அதோடு ஹனா பூமணியாகிவிட்டாள். அரைமணி நேரத்தில் பிள்ளைகள் "மழை, ஓடு! ஓடு!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொன்னேன். இதில் ஒரு மரணம் இருக்கிறது, மழைக்குள், உடலைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பார்க்க விருப்பமில்லாதவர்கள் அந்த இடத்தில் விறாந்தைக்குப் போகலாம், நான் பிறகு கூப்பிடுவேன் என்று. இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தபடியால் வேறு ஓர் இடத்தையும் தாண்டிவிட்டேன், கதைக்கு அதனால் குறை வரவில்லை.

அந்த மரணக் காட்சி இப்படி. வெளியே போன கணவனைத் தேடி, இரண்டு பிள்ளைகளையும் சுமந்துகொண்டு பூமணி மழைக்குள் ஓடுகிறாள். வாய்க்காலில் ஒரு ஓநாயின் உடல். நகரசபை ஆட்கள் அதை ஒரு மிருகத்தின் உடல் என்று சாக்கில் போட்டுக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போகிறாள். என் கணவன் என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னாலும் நம்ப ஆளில்லை. உடல் இல்லை, சடங்கு இல்லை. அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்துப் படம்தான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் ஒரு பூ வைக்கிறாள்.

நான் அந்த இடத்தில் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கச்சான் உடைக்கும் சத்தம் நின்றுபோனது. பின்னால் ஒரு தாய் மடியில் கிடந்த பிள்ளையின் காதைத் தன் கையால் மூடினா, கண்ணை அல்ல. ஏன் காதை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இந்தக் காட்சியைக் காட்டியது சரியா என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் பிறகு கேட்டார். நியாயமான கேள்வி. முன்னறிவிப்பு இல்லாமல், பிறகு இருந்து கதைக்க ஆளில்லாமல் காட்டுவது பிழை என்றுதான் நானும் சொல்லுவேன். படம் முடிந்து நாங்கள் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தோம், அடுத்த கிழமை வீடு வீடாகவும் போனோம். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இந்தப் படத்தை இந்த மண்ணில் போட வேண்டாம்.

அடுத்தது, மூத்தவள் யுக்கி ஈரம் உறிஞ்சும் மணிப் பைக்கற்றை விழுங்கிவிடும் இடம். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஒரு பக்கம் பிள்ளை வைத்தியரின் கிளினிக், மற்றப் பக்கம் மிருக வைத்தியர். இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறாள். எங்கே போவது? கடைசியில் தொலைபேசியில் கேட்கிறாள். பிள்ளைகள் இதற்குச் சிரித்தார்கள். தாய்மார் சிரிக்கவில்லை.

"எங்களுக்கும் உப்பிடித்தானே" என்றார் என் பக்கத்தில் இருந்தவர். அவருடைய கணவரும் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் ஆள் செத்துவிட்டார் என்று நீங்களே கையெழுத்து வைத்த மாதிரி. எடுக்காவிட்டால் காணி, வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பத்திரம் என்று ஒவ்வொரு கந்தோரிலும் நிற்க வேண்டும். 2016 இல் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். செத்தார் என்று சொல்லாமலே அலுவல் பார்க்கலாம். சிலர் எடுத்தார்கள். எடுக்க மாட்டோம் என்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களும் உண்டு. இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு கார்ட்டூன் அதை அரை நிமிடத்தில் வரைந்துவிட்டது.

பிறகு தோட்டம். பூமணி நூல் நிலையப் புத்தகத்தைப் பார்த்து மரக்கறி நடுகிறாள், எல்லாம் வாடிவிடுகிறது. திரும்ப நடுகிறாள், திரும்ப வாடுகிறது. அவள் மண்வெட்டியை ஓங்கி ஓங்கிக் கொத்தும்போது பின்வரிசையில் ஒரு குரல்: "இவவுக்கு மண்ணை வெட்டப் பயமில்லை என்ன?" எல்லாரும் தலையாட்டினார்கள். மீள்குடியேறிய முதல் வருடங்களில் இங்கே மண்வெட்டி அப்படி ஓங்கினது கிடையாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கழற்றிய பிறகும், மிதிவெடி அகற்றியாயிற்று என்று கடிதம் வந்த பிறகும், முதல் கொத்துக்குப் பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டுத்தான் கொத்துவார்கள். இந்த அக்கா மேல்மண்ணை அலவாங்கால் மெல்லக் குத்திப் பார்த்துப் பார்த்துக் கச்சான் போட்டவர். அதையும் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னவர்.

"ஏன் சிரிக்கிறாய்?"

இனித்தான் இந்த ஆய்வின் நடு இடம்.

பூமணி எப்போதும் சிரிக்கிறாள். அவளுடைய அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, கஷ்டத்திலும் சிரி, சிரித்தால் தாண்டிவிடலாம் என்று. அப்பாவின் செத்தவீட்டிலும் சிரித்துச் சொந்தக்காரரிடம் ஏச்சு வாங்கியவள். மலைநாட்டுக் கிராமத்தில் நிரசாகி என்று ஒரு கிழவர். முகத்தில் ஈவிரக்கமே தெரியாத மனிதர். இவள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார். இவள் சிரிக்கிறாள். ஏன் சிரிக்கிறாய், சிரிக்காதே என்கிறார். அவ்வளவுதான். பிறகு மண்ணை எவ்வளவு ஆழம் கொத்த வேண்டும், உருளைக்கிழங்கு எப்படி நட வேண்டும் என்று காட்டுகிறார். மூன்று பேர் சாப்பிடத் தேவையானதைவிடப் பெரிய நிலத்தைக் கொத்தவைக்கிறார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன்: "உதுக்கு ஏன் சிரிக்கிறாய் பிள்ளை? சிரிக்காத."

அக்கா முன்வரிசையில், நிலத்தில் பாயில் இருந்தவர். அவருடைய முகம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பாதி தெரிந்தது. அந்த வசனத்துக்கு அவர் சிரித்தார், பழக்கத்தில். அடுத்த கணம் சிரிப்பு இறங்கிவிட்டது. உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு படம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை.

முடிந்து, பிளேன்ரீ குடிக்கும்போது மற்றவர்கள் பன்றியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஊரில் எல்லாருடைய தோட்டத்தையும் காட்டுமிருகங்கள் அழிக்கின்றன, பூமணியின் தோட்டத்தை மட்டும் தொடுவதில்லை. ஓநாய்ப் பிள்ளைகளின் மூத்திர வாடைக்குப் பன்றி கிட்ட வராது. பழஞ்சேலை கட்டியும், ரின் தட்டியும், யானைவெடி போட்டும் பயன் காணாத எங்கள் ஆட்களுக்கு இது பெரிய விஷயம். "எங்கட வளவுக்கும் ரெண்டு குட்டி தாங்கோ" என்று ஒரே சிரிப்பு. அந்தக் கலகலப்புக்குள் அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உந்த ஐயா சரியாத்தான் கேக்கிறார், மிஸ்."

நான் பேசாமல் இருந்தேன்.

"நான் அழுதால் பிள்ளையள் பயந்திடும் எண்டு சிரிக்கப் பழகினன். பிறகு ஆரைக் கண்டாலும் சிரிப்புத்தான் வருது. கிராமசேவகரைக் கண்டாலும் சிரிப்பன், கடன்காரப் பெடியனைக் கண்டாலும் சிரிப்பன். சிரிச்சபடியால எல்லாரும் நான் நல்லா இருக்கிறன் எண்டு நினைச்சிட்டினம். நீங்களும் அப்பிடித்தானே எழுதினியள்?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல். ஓம் அக்கா, அப்பிடித்தான் எழுதினேன் என்றேன்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. கூரைக்காக நுண்கடன் எடுத்திருக்கிறார். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கட்டுவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்து, அதை மீட்க இன்னொரு கடன். 2018 இல் பெண்களின் நுண்கடனுக்கு ஒரு நிவாரணம் அறிவிக்கப்பட்டது, ஆனால் அது மாதக்கணக்கில் கட்டாமல் விட்டவர்களுக்கு. அக்கா ஒரு கிழமையும் பிந்தாதவர். பட்டினி கிடந்து கட்டியவர். ஒழுங்காகக் கட்டியபடியால் நிவாரணம் இல்லை, சிரித்தபடியால் வீட்டு உதவியும் இல்லை.

எங்கள் பயிற்சிகளில் மீள்திறன் என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வளைந்தாலும் முறியாத தன்மை. நல்ல சொல்தான், நானும் பாவித்திருக்கிறேன். ஆனால் பத்திரத்தில் அதற்கு ஒரு பெட்டி இருந்து, அதில் புள்ளி கூடினால் தேவை குறைவு என்று ஆகும்போது, அந்தச் சொல் ஒரு தாயிடமிருந்து களவெடுக்கிறது. வன்னிப் பெண்களின் மன உறுதி என்று மேடையில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! அவர்கள் தாங்குவார்கள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டு, தாங்க விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தப் படத்தை எத்தனையோ பேர் தனித்து நின்று சாதித்த தாயின் கதை என்று புகழ்கிறார்கள். நான் மூன்று தரம் பார்த்துவிட்டேன். அது அப்படிப்பட்ட கதையே இல்லை. நகரத்தில் தனித்து நின்றபோது அவள் கரைந்துகொண்டிருந்தாள். இரவு பிள்ளை ஊளையிட்டால் பக்கத்து வீட்டார் கத்துவார்கள், தடுப்பூசி ஏன் போடவில்லை என்று உத்தியோகத்தர்கள் கதவைத் தட்டுவார்கள், அவள் கதவைத் திறக்கமாட்டாள். ஆட்களிடமிருந்து ஒளிக்கத்தான் மலைக்கே போனாள். ஆனால் அங்கே அந்தக் கிழவர் வந்து ஏசினார், பெண்கள் மரக்கறியோடு வந்தார்கள். மேலதிகமாகக் கொத்திய அந்தப் பெரிய நிலத்தில் விளைந்த கிழங்கு, மற்றவர்களின் தோட்டம் அழிந்தபோது ஊருக்குப் போனது. அவள் வாங்கினாள், பிறகு கொடுத்தாள். அவளுடைய அமைதியான பலம் என்று நான் காண்பது சிரிப்பை அல்ல. தெரியாது என்று ஒத்துக்கொண்டு ஒரு கிழவருக்கு முன்னால் திரும்பவும் மண்வெட்டியைத் தூக்கினாளே, அதைத்தான்.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. பூமணி படிப்பை விட்டுவிட்டு வந்தவள், அந்தப் படிப்பு அவளுக்கு என்ன ஆனது என்று படம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ஒரு தாய் வேறு மாதிரிச் சொன்னார்: "இவ பிள்ளையளுக்கு ஒரு அடி போடேல்ல, ஒரு ஏச்சு ஏசேல்ல. நாங்கள் அப்பிடி இல்லை மிஸ். வைச்சு வெளுத்துப்போட்டுப் பிறகு இரவில படுக்கேக்க அழுவம்." இந்த உண்மை படத்தில் இல்லை. இருந்திருந்தால் பூமணி இன்னும் எங்களுக்குக் கிட்ட வந்திருப்பாள்.

மகன்

அன்று மகன் படத்துக்கு வரவில்லை என்றுதான் நினைத்தேன். கடைசி அரைமணி நேரம் வாசல்படியில் ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்றிருக்கிறான். கையில் மாட்டுக் கயிறு.

படத்தின் முடிவில் புயல். பள்ளிக்கூடத்தில் மகள் தாய்க்காகக் காத்திருக்கிறாள். தாயோ மலைக்குப் போன மகனைத் தேடிப் போய் விழுந்துவிடுகிறாள். மகன் அவளைத் தூக்கிவந்து பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு ஓநாயாகத் திரும்பி நடக்கிறான். உனக்கு நான் இன்னும் ஒன்றுமே செய்து முடிக்கவில்லையே என்று அவள் அழைக்கிறாள். விடிகிறது. அவன் மலை உச்சியில் நின்று ஊளையிடுகிறான். அவள் எழும்பி நின்று, நலமாக இரு, திடமாக வாழு என்ற பொருளில் வழியனுப்புகிறாள்.

அதைத் தமிழில் சொல்ல எனக்கு அந்த இடத்தில் சரியான சொல் வரவில்லை. "கவனமாப் போ, நல்லா இரு" என்று சொல்லிவிட்டேன்.

"போ எண்டு சொல்லியிருக்க மாட்டா" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "போட்டு வா எண்டுதான் சொல்லியிருப்பா."

ஜப்பானிய மொழியில் அப்படி இல்லை. அவன் திரும்பி வரப்போவதுமில்லை. ஆனாலும் நான் திருத்தினேன். "போட்டு வா" என்று இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன். 2009 இல் மா வாங்கப் போன மனிதருக்கும் வாசலில் அதைத்தான் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது படம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு.

திரும்பிப் பார்த்தபோது வாசல்படியில் மகன் இல்லை.

திரும்பப் போனது

அடுத்த கிழமை கோப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முன்பு நான் பார்க்காதவை எல்லாம் அங்கேயே இருந்தன. கூரைத் தகரத்தில் மூன்று ஓட்டை, சுவிங்கத்தால் அடைத்தது. ஓட்டைக்கு நேர் கீழே சட்டி. நான் இருந்த அதே பிளாஸ்டிக் கதிரை, ஒரு கால் கம்பி சுற்றி. தேத்தண்ணி வேண்டாம், தண்ணி காணும் என்றேன்.

மகனைப் பற்றிக் கன நேரம் கதைத்தோம். அவன் பட்டியில் தங்குவது அவருக்குப் பயம். யானை ஒரு பயம், அதைவிட, ஒருநாள் திரும்பி வராமல் விட்டால் என்ற பயம். அதை அவனுக்குச் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டு சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார். பரீட்சை எடுக்கச் சொல்லி ஏசவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. படம் பார்த்த இரண்டாம் நாள் அவனோடு தானும் பட்டிக்குப் போயிருக்கிறார். பாலை மரத்தடியில், மாட்டுச் சாணிப் புகைக்குப் பக்கத்தில், இரவு முழுக்க முழித்திருந்தாராம். அவன் ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறார். விடியப்புறம் தன் பயத்தைச் சொல்லியிருக்கிறார், சிரிக்காமல். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரவில் ஒருதரம் போன் எடுக்கிறான். பரீட்சை எடுப்பானா என்பது இன்னும் முடிவில்லை.

பழைய நான்கு வசனத்தையும் வெட்டினேன். மீள்திறன் பெட்டியில் நான் போட்டிருந்த புள்ளியையும் வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். கடன் எவ்வளவு, யாருக்கு, எந்தக் கிழமை நாள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூரை, மகன், கணவருடைய பத்திரம் ஒன்றும் எடுக்காமல் இருப்பது, இரவில் நித்திரை இல்லாதது, எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுதியதை வாசித்தேன். முகத்தில் சிரிப்பு இல்லாமல், கணக்குப் பார்க்கும் ஆள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்து மூடப் போகும்போது கையைக் காட்டி மறித்தார்.

"கிணத்துக் கட்டும் ஒரு பக்கம் இடிஞ்சுபோய்க் கிடக்கு, மிஸ். அதையும் எழுதுங்கோ. மாரிக்கு முன்னம் கட்ட வேணும் எண்டும் போடுங்கோ."